சொந்தக் களமில்லாத அணி: சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட வரலாறு (1954–1956)

வன்னிப் பெருநிலத்தில் ஒரு பாடசாலை தோன்றும்போது முதலில் எழுவது வகுப்பறை. விளையாட்டிடம் பின்னரே வரும். பற்றை வெட்டி, அடிக்கட்டை பிடுங்கி, புற்று இடித்து, மேடு பள்ளம் நிரவிய பின்னர்தான் அங்கே உதைபந்து உருளத் தொடங்கும். இரண்டு மரக்கம்பமும் ஒரு வலையும் கிடைத்துவிட்டாற் கரப்பந்தாட்டமும் நடைபெறும். கூடைப்பந்தாட்டத்திற்கோ இவ்வளவு போதாது. சமதளமான சீமெந்துத் தரையும், அசையாத கம்பங்களும், பலகையும் வளையமும் அதற்கு வேண்டும். மாரிகாலத்து வெள்ளம் தேங்காது வடிந்தோட வழியும் வேண்டும். இவை யாவும் பணத்தால் ஆவன. ஆகவே, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளின் சிற்றூர்ப் பாடசாலைகளிலே, “இடமில்லை, ஆதலின் இயலாது” என்னும் பேச்சு எழுதல் இயல்பே.

இப்பேச்சில் உண்மையும் உண்டு; குறையும் உண்டு. இடமும் பொருளும் இன்றி விளையாட்டு வளராது என்பது உண்மை. ஆயினும், ஓர் அணியை ஆக்குவது இடம் ஒன்றுதானா என்னும் கேள்விக்கு அதில் விடையில்லை. இக்கேள்விக்குத் தெளிவான விடை தருவது, கூடைப்பந்தாட்டத்தின் பிறந்தகமாகிய அமெரிக்காவில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த ஒரு வரலாறாகும். பயிற்சி பெறுதற்குத் தன் வளவினுள் ஓர் அரங்கேனும் இல்லாதிருந்த ஒரு கல்விக்கூடம், 1955 ஆம் ஆண்டிலும் 1956 ஆம் ஆண்டிலும் அந்நாட்டுக் கல்லூரிகள் அனைத்தையும் வென்று முதலிடம் பெற்றது. அதுவே சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகம். அவ்வணி வென்ற முறையும், வெல்லும் வழியில் அது எதிர்கொண்ட சோதனையும் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே அறியத்தக்கன.

ஆட்டத்தின் பிறப்பு

கூடைப்பந்தாட்டம் பிறந்ததே இடநெருக்கடியின் பயனாகத்தான். 1891 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் கனடா நாட்டவர் ஆசிரியராயிருந்தார். வெளியே பனி மூடிக் கிடந்தமையால் மாணவர் களத்திலிறங்கி ஓடியாட இயலவில்லை. உள்ளரங்கிலோ முரட்டு ஆட்டங்களுக்கு இடமில்லை. உடலோடு உடல் மோதாமல், ஆனால் உடல் முழுவதும் உழைக்கும்படியாக ஓர் ஆட்டத்தை வகுக்குமாறு அவர் பணிக்கப்பட்டார். இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்திவிட்டால், வலிமையால் மோதி நுழைதலினும் குறிபார்த்து எறிதலே பயன்தரும் என அவர் சிந்தித்தார். அரங்கின் மாடத்திலே 10 அடி உயரத்தில் இரண்டு பீச்சுப்பழக் கூடைகளைப் பொருத்தினார். 13 விதிகளை எழுதினார். வகுப்பிலிருந்த 18 மாணவரை ஒன்பதின்மராகப் பிரித்து ஆடவிட்டார். வளையத்தின் உயரம் இன்றும் அதே 10 அடியாகும்.

வாலிபர் சங்கங்களின் வாயிலாக இவ்வாட்டம் உலகெங்கும் விரைந்து பரவிற்று. 1936 ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் விழாவிலே அது பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே 1938 முதல் அழைப்புச் சுற்றுப்போட்டி ஒன்றும், 1939 முதல் தேசியக் கல்லூரிச் சுற்றுப்போட்டி ஒன்றும் ஆண்டுதோறும் நடைபெறலாயின. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து பார்க்கும் அரங்குகளைப் பெரும் பல்கலைக்கழகங்கள் கட்டின. வகுப்பறையை விட அரங்கு பெரிதாகத் தோன்றும் காலம் அந்நாட்டில் வந்துவிட்டது.

மணல்மேட்டிலெழுந்த கல்விக்கூடம்

சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகம் இத்தகைய செல்வம் படைத்ததன்று. 1855 ஆம் ஆண்டிலே யேசுசபைத் துறவிகள் அந்நகரத்து மணல்மேடுகளுக்கிடையே தொடங்கிய சிறு பள்ளியே அதன் வித்து. நகரம் வளர, பள்ளியும் வளர்ந்தது. 1906 ஆம் ஆண்டு ஏப்பிரலில் நேர்ந்த பெரும் பூமியதிர்ச்சியும் அதனைத் தொடர்ந்த தீயும் அதன் கட்டடங்களை அழித்தன. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது ஒரு தற்காலிகக் கட்டடத்திலேயே இயங்கிற்று. தோற்றத்தைக் கண்டு மக்கள் அதனைச் “சட்டைத் தொழிற்சாலை” என்று அழைத்தனர். 1927 இல் இப்போதுள்ள மேட்டுநிலத்துக்கு அது குடிபெயர்ந்தது. 1930 இல் இப்போதைய பெயரைப் பெற்றது. குடிபெயர்ந்தும் கற்பித்தலை நிறுத்தாத கல்விக்கூடம் எத்தகையது என்பதை வன்னி மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அதன் வளவிற் கூடைப்பந்தாட்ட அரங்கு இருக்கவில்லை. வீரர்கள் அயலிலுள்ள புனித இஞ்ஞாசியார் உயர்பள்ளியின் அரங்கிலே, அப்பள்ளி மாணவர் பயன்படுத்தாத வேளைகளிற் பயிற்சி பெற்றனர். போட்டிகளை நகரத்துப் பொதுமண்டபங்களில் ஆடினர். ஆதலால் அவர்களை “வீடற்றோர்” எனப் பத்திரிகைகள் எழுதின. அந்நிலையிலும் 1949 ஆம் ஆண்டில், பீற் நியூவெல் என்னும் பயிற்றுநரின் கீழ், தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டியில் அவ்வணி வெற்றி பெற்றது. 1950 இல் நியூவெல் விலகிச் செல்ல, அவ்விடத்துக்குப் பிலிப் வூல்பேட் வந்தார். அவர் அதுவரை மேலே கூறிய இஞ்ஞாசியார் பள்ளியிற் பயிற்றுநராயிருந்தவர்.

மற்றொரு செய்தியும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1951 இல் இப்பல்கலைக்கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்ட அணி ஒன்பது போட்டிகளிலும் வென்று தோல்வியறியாது நின்றது. தென்மாநிலங்களில் நடைபெறும் சிறப்புப் போட்டிக்கு அதனை அழைக்கும் பேச்சு எழுந்தபோது, அணியிலிருந்த கறுப்பினத்தவராகிய ஒல்லி மற்சன், பேர்ள் ரோலர் என்னும் இருவரையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. ஏனைய வீரர்கள் மறுத்துவிட்டனர். அழைப்பும் இல்லாமற் போயிற்று. அதனால் வரவேண்டிய வருவாயும் போயிற்று. அப்பருவத்தின் முடிவிலே பல்கலைக்கழகம் பணமின்மையால் அவ்வாட்டத்தையே கைவிட்டது. அடுத்து வந்த கூடைப்பந்தாட்ட அணிக்கு முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் இம்மறுப்பே எனலாம்.

பதினாறாவது மாணவன்

வில்லியம் ரசல் என்பவர் 1934 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் நாள் லூசியானா மாநிலத்து மன்றோ என்னும் ஊரிற் பிறந்தார். பில் ரசல் என்றே உலகம் அவரை அறியும். தென்மாநிலங்களில் நிலவிய இனக்கொடுமையைத் தாங்காது அவருடைய பெற்றோர் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே கலிபோர்னியாவின் ஓக்லன்ட் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தாயார் இறந்தார். உயர்பள்ளியில் அவர் நெடிதாக வளர்ந்தாரேயன்றித் திறமை மிக்கவராக எவருக்கும் தோன்றவில்லை. இளையோர் அணியில் 15 சட்டைகளே இருந்தன. ரசல் பதினாறாவது மாணவராயிருந்தார். பயிற்றுநராகிய ஜோர்ஜ் பவுல்ஸ் என்னும் ஆசிரியர் அவரை வெளியேற்றாது, பதினைந்தாவது சட்டையை அவரும் மற்றொரு மாணவரும் மாறிமாறி அணியுமாறு செய்தார். நாள்தோறும் ஆடிப் பழகுதற்காகச் சிறுவர் கழகமொன்றிற் சேரும்படி கூறி, அதற்கான கட்டணமாகிய இரண்டு டொலரையும் தம் கையிலிருந்து கொடுத்தார்.

பள்ளியை விட்டு நீங்கும்போது ரசலுக்குப் புலமைப்பரிசில் தர முன்வந்தது ஒரேயொரு கல்விக்கூடமே. அதுதான் சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகம். அங்கே அவருடன் ஒரே அறையில் வசித்தவர் கே. சி. ஜோன்ஸ். டெக்சாஸ் மாநிலத்துத் ரெய்லர் என்னும் ஊரில் 1932 இற் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர் அவர். மிகக் குறைவாகப் பேசுபவர். முதல் மாதத்தில் இருவருக்குமிடையே பேச்சே நிகழவில்லை என்று ரசல் பிற்காலத்திற் கூறியதுண்டு. பேசத் தொடங்கிய பின்னர் அவர்கள் பேசியவை பெரும்பாலும் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றியனவே. பந்து எக்கோணத்திற் சென்றால் எக்கோணத்தில் மீளும், எதிரி எப்பக்கம் திரும்ப விரும்புவான், அவனை அப்பக்கம் திரும்பவிடாமற் செய்வது எங்ஙனம் என்பவற்றைக் கேத்திர கணிதம் பயில்வோர் போல அவர்கள் ஆராய்ந்தனர்.

காத்தலே வெல்லுதல்

அக்காலத்துக் கல்லூரி அணிகள் பெரும்பாலும் புள்ளி ஈட்டுவதிலேயே கருத்துச் செலுத்தின. வூல்பேட் அவ்வழியிற் செல்லவில்லை. எதிரியைப் புள்ளி ஈட்டவிடாது காத்தலையே அவர் தம் அணிக்கு முதற்பாடமாக வைத்தார். புள்ளி ஈட்டுதல் ஒருவன் திறமையாலும் கைகூடும். காத்தலோ ஐவரும் ஒருமனப்படாவிடின் கைகூடாது. ஒருவன் தன் இடத்தைவிட்டு விலகினால் ஐவருடைய உழைப்பும் வீணாகும்.

காப்போன் நிலத்தினின்று கால் எடுத்துத் துள்ளலாகாது என்பது அந்நாளைய பயிற்றுநரிடையே வழங்கிய விதி. ரசல் அவ்விதியை மாற்றியமைத்தார். ஆறடி ஒன்பது அங்குல உயரமுடைய அவர், எதிரி எய்த பந்து மேலெழும்போதே துள்ளி அதனைத் தடுத்தார். தடுத்த பந்தைக் களத்துக்கு வெளியே ஓங்கியடித்துக் கைதட்டல் பெறுதலை விரும்பாது, தம் தோழர் கைக்கு எட்டுமாறு மெல்லத் தட்டிவிட்டார். வெளியே சென்ற பந்து மீண்டும் எதிரிக்கே உரியதாகும். தோழன் கையிற் சேர்ந்த பந்து தன் அணிக்குப் புள்ளியாகும். காட்சிக்காக ஆடுவதற்கும் அணிக்காக ஆடுவதற்கும் உள்ள வேறுபாடு இவ்வொரு செயலில் அடங்கியிருந்தது. ஜோன்சோ ஆறடி ஓரங்குல உயரமே உடையவர். ஆயினும் பந்தை வைத்திருப்பவனை நிழல்போலத் தொடர்ந்து சென்று அவனைத் தன் விருப்பப்படி ஆடவிடாது செய்வதில் வல்லவர்.

1954–55 ஆம் பருவத்தில் அணித்தலைவராக ஜெறி மல்லன் விளங்கினார். அவருடன் ஸ்ரான் புக்கனன், ரசல், ஜோன்ஸ், ஹால் பெரி என்போர் முதல் ஐவராக ஆடினர். இவர்களுட் பின்னைய மூவரும் கறுப்பினத்தவர். ஒருவர் இருவரைச் சேர்த்துக்கொள்வதே பெரிதெனக் கருதப்பட்ட அந்நாளில், ஐவரில் மூவரைக் களமிறக்கியமை பலருக்குச் சினமூட்டிற்று. வூல்பேட்டுக்கு வசைக் கடிதங்கள் வந்தன. ஆடத்தக்கவன் ஆடுவான் என்னும் நெறியினின்று அவர் பிறழவில்லை.

அப்பருவத்தின் தொடக்கத்தில், 1954 டிசம்பரில், லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணி அவர்களை 47–40 எனத் தோற்கடித்தது. சில நாட்களின் பின்னர் அதே அணியை அவர்கள் 56–44 என வென்றனர். முன்னைய தோல்வியே அப்பருவத்தின் ஒரே தோல்வியாயிற்று. அதன்பின் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அவ்வணி தோல்வியென்பதையே காணவில்லை.

ஒக்லகோமா நகரத்து இரவு

அதே டிசம்பர் மாத இறுதியில் அணி ஒக்லகோமா நகரத்துச் சுற்றுப்போட்டிக்குச் சென்றது. அவ்வாண்டு மே 17 ஆம் நாள்தான், பொதுப்பள்ளிகளில் இனத்தால் மாணவரைப் பிரித்தல் அரசியலமைப்புக்கு மாறானது என அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. ஊர்களின் வழக்கம் மாறியிருக்கவில்லை. நகர நடுவிலிருந்த விடுதிகள் கறுப்பின வீரர்களுக்கு இடம்தர மறுத்தன. வெள்ளையர் விடுதியில் தங்கலாம். மற்றையோர் வேறிடம் தேடிக்கொள்ளலாம் என்பதே அந்நகரத்தின் நடைமுறை.

இந்நிலையில் அணி எடுத்த முடிவு எளியது. எல்லாரும் ஓரிடத்திலேயே தங்குவதென அவர்கள் துணிந்தனர். விடுமுறையால் வெறுமையாகக் கிடந்த ஒரு கல்லூரி மாணவர் விடுதி கிடைத்தது. விடுதி அறைகளின் வசதியை விரும்பியிருக்கக்கூடிய வெள்ளை வீரர்களும் அங்கேயே தங்கினர். பயிற்சியின்போது பார்வையாளர் சிலர் கறுப்பின வீரர்களை நோக்கிச் செப்புக்காசுகளை வீசி எள்ளினர் என்றும், ரசல் அவற்றைப் பொறுக்கியெடுத்துப் பயிற்றுநரிடம் கொடுத்துவைத்தார் என்றும் கூறுவர். அச்சுற்றுப்போட்டியில் அவர்களே வென்றனர்.

இவ்வணியின் வரலாற்றைக் கூறுவோர் இறுதியாட்டத்தைச் சிறப்பித்துப் பேசுவர். ஆயினும், அணி அணியாயிற்று என்று கூறத்தக்க இடம் இதுவே. களத்தில் ஒருவனுக்காக ஒருவன் ஓடுதல் பயிற்சியால் வரும். களத்துக்கு வெளியே, இழப்பு நேரும் இடத்திலும், தோழனை விட்டுப் பிரியாதிருத்தல் பயிற்சியால் மட்டும் வருவதன்று. அவ்விரவின் பின்னர், பந்தை ஒருவர் தட்டிவிட்டால் அதனைப் பெறத் தோழர் அங்கே நிற்பார் என்பதில் ஐவருள் எவருக்கும் ஐயம் இருந்திராது.

இரண்டு வெற்றிகள்

1955 மார்ச் மாதத்தில் தேசியச் சுற்றுப்போட்டி தொடங்கிற்று. மேற்கு டெக்சாஸ் அணியை 89–66 எனவும், யூட்டா அணியை 78–59 எனவும் அவர்கள் வென்றனர். அடுத்து, ஒரிகன் மாநிலக் கல்லூரியை அதன் சொந்த ஊரிலேயே எதிர்கொண்டு, 57–56 என ஒரேயொரு புள்ளியால் தப்பினர். அரையிறுதியிற் கொலராடோ அணி 62–50 எனத் தோற்றது. மார்ச் 19 ஆம் நாள் கன்சாஸ் நகரத்தில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் அவர்களை எதிர்த்து நின்றது, முன்னைய ஆண்டின் வெற்றியணியாகிய பிலடெல்பியா லா சால் கல்லூரி. இலங்கையிலும் பள்ளிகள் நடத்திய டி லா சால் சகோதரரின் கல்லூரி அது. அவ்வணியின் ரொம் கோலா அந்நாளில் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரரெனப் போற்றப்பட்டவர். ஆறடி ஆறங்குல உயரமுடையவர்.

கோலாவை ரசல் காப்பார் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். வூல்பேட்டோ அவரினும் ஐந்து அங்குலம் குறைந்த ஜோன்சை அப்பணிக்கு நியமித்தார். ரசல் கூடையருகே நின்று, மீளும் பந்துகளைக் கைப்பற்றுதற்கு இவ்வேற்பாடு உதவிற்று. ஆட்ட முடிவிற் கோலா 16 புள்ளிகளே பெற்றிருந்தார். அவரைக் காத்த ஜோன்சோ 24 புள்ளிகள் ஈட்டியிருந்தார். ரசல் 23 புள்ளிகள் பெற்று, மீண்ட பந்துகளில் 25 ஐக் கைப்பற்றினார். 77–63 என வெற்றி கிட்டிற்று. சுற்றுப்போட்டியின் மிகச் சிறந்த வீரராக ரசல் தெரிவுசெய்யப்பட்டார். 28 வெற்றியும் ஒரு தோல்வியுமாக அப்பருவம் முடிந்தது. கல்விக்கூடம் நூற்றாண்டு நிறைவுற்ற ஆண்டும் அதுவே.

1955–56 ஆம் பருவத்தில் மல்லனும் புக்கனனும் இல்லை. கார்ல் போல்ட், மைக் பார்மர், ஜீன் பிரவுண் முதலியோர் முன்வந்தனர். அப்பருவத்தில் அவர்கள் ஆடிய 29 போட்டிகளிலும் வென்றனர். 1956 சனவரியிற் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துடன் ஆடிய போட்டி விந்தையானது. அவ்வணியின் பயிற்றுநர் முன்பு இவர்களைப் பயிற்றிய அதே பீற் நியூவெல். நேர்நின்று வெல்லல் அரிதென அறிந்த அவர், பந்தை எய்யாது வைத்துக்கொண்டே காலம் போக்கும்படி தம் வீரருக்குப் பணித்தார். இத்தனை வினாடிக்குள் பந்தை எய்தல் வேண்டும் என்னும் விதி அந்நாளிற் கல்லூரி ஆட்டத்தில் இருக்கவில்லை. வீரரொருவர் பந்தைக் கையில் ஏந்தியபடியே பல நிமிடங்கள் அசையாது நின்றார். சான் பிரான்சிஸ்கோ அணி பொறுமை இழக்கவில்லை. 33–24 என வென்றது. அது அவர்களுடைய தொடர்ச்சியான நாற்பதாவது வெற்றி; அதுவரை எக்கல்லூரியும் எட்டாத எண்ணிக்கை.

அவ்வாண்டுத் தேசியச் சுற்றுப்போட்டியில் ஜோன்ஸ் ஆட இயலவில்லை. 1953–54 ஆம் பருவத்தில் ஒரேயொரு போட்டியில் ஆடிய பின் குடல்வால் நோயால் அவர் வீழ்ந்திருந்தார். அவ்வொரு போட்டியும் அவர் ஆடத்தக்க ஆண்டுகளுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டதால், சுற்றுப்போட்டி விதி அவருக்கு இடந்தரவில்லை. அவர் இடத்திலே பிரவுண் ஆடினார். மார்ச் 23 ஆம் நாள் இவான்ஸ்டன் நகரத்து இறுதியாட்டத்தில் அயோவா அணி தொடக்கத்தில் 15–4 என முன்னணியில் நின்றது. பின்னர் சான் பிரான்சிஸ்கோ அணி நிலைபெற்று 83–71 என வென்றது. ரசல் 26 புள்ளிகள் ஈட்டினார். மீண்ட பந்துகளில் 27 ஐக் கைப்பற்றினார். ஒரு தோல்வியும் இன்றித் தேசியச் சுற்றுப்போட்டியை வென்ற முதல் அணி என்னும் பெருமை அன்று அவர்களுக்குக் கிட்டிற்று. தொடர்வெற்றி பின்வந்த மாணவரால் 60 வரை நீண்டு, 1956 டிசம்பரில் இலினோய் அணியிடம் முடிவுற்றது. அதே ஆண்டின் இறுதியில் மெல்பேண் ஒலிம்பிக் விழாவில் ரசலும் ஜோன்சும் இடம்பெற்ற அமெரிக்க அணி சோவியத் அணியை 89–55 என வென்று தங்கம் பெற்றது.

வெற்றி மாற்றியதும் மாற்றாததும்

இவ்வெற்றிகளால் ஆட்டமே மாறிற்று. கூடையின் முன்னே, தாக்கும் அணியினர் மூன்று வினாடிக்கு மேல் நிற்கலாகாத பகுதியின் அகலம் 6 அடியிலிருந்து 12 அடியாக விரிக்கப்பட்டது. ரசல் போன்றோர் கூடையருகே நின்று ஆதிக்கம் செலுத்துதலைக் குறைப்பதே அதன் நோக்கம். தாக்குதலை மட்டுமே போற்றிய பயிற்றுநர்கள் காத்தலைக் கற்பிக்கத் தொடங்கினர். பல்கலைக்கழகத்துக்கும் நன்மை விளைந்தது. வெற்றியால் எழுந்த ஊக்கத்திற் பொருள் திரட்டப்பட்டு, 1958 இல் அதன் வளவிலேயே ஓர் அரங்கு திறக்கப்பட்டது. அரங்கு அணியை ஆக்கவில்லை. அணியே அரங்கை ஆக்கிற்று.

ஆனாற் சமூகம் அத்துணை விரைவில் மாறவில்லை. 1955 டிசம்பரில் இவ்வணி லூசியானா மாநிலத்து நியூ ஓர்லியன்ஸ் நகருக்குச் சென்று, அங்குள்ள யேசுசபையினரின் லொயோலாப் பல்கலைக்கழகத்துடன் ஆடிற்று. அம்மாதத்தின் முதல் நாளில்தான் அலபாமா மாநிலத்து மொன்ற்கொமறி நகரில் றோசா பாக்ஸ் என்னும் பெண்மணி பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்துச் சிறைப்பட்டிருந்தார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரு களத்தில் ஆடுதலைக் கண்டு மனம் மாறுவதற்கு மாறாக, லூசியானாச் சட்டசபை 1956 இல் இரு இனத்தவரும் சேர்ந்து விளையாடுதலையே தடைசெய்யும் சட்டத்தை இயற்றிற்று. பின்னர் நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. ஒரு வெற்றிக் கிண்ணம் நூற்றாண்டு வழக்கத்தை ஒரே நாளில் வீழ்த்திவிடும் என்று எண்ணுதல் பேதைமை. அது செய்யக்கூடியது, அவ்வழக்கம் பொய்யானது என்பதை எல்லார் கண்ணுக்கும் புலப்படுத்துதலே.

ரசல் பிற்காலத்திற் பொஸ்ரன் நகரத்து அணியில் 13 பருவங்கள் ஆடி, 11 முறை அகில அமெரிக்கத் தொழில்முறை வெற்றியைப் பெற்றார். 1966 இல் அவ்வணியின் தலைமைப் பயிற்றுநராகி, அந்நாட்டுப் பெரும் தொழில்முறை விளையாட்டுகளில் அப்பதவியை வகித்த முதற் கறுப்பினத்தவர்களுள் முன்னோடியானார். குடியுரிமைப் போராட்டத்திலும் துணிந்து பங்கெடுத்தார். 2022 இற் காலமானார். ஜோன்ஸ் 2020 இல் மறைந்தார். வூல்பேட் 1959 இல் அப்பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். பயிற்றுநர் பணியையும் துறந்த பின்னர், வொஷிங்டன் மாநிலத்துச் சிற்றூரொன்றிற் பள்ளிப் பேருந்தை ஓட்டிப் பிள்ளைகளை ஏற்றியிறக்கினார். இருமுறை நாட்டை வென்ற பயிற்றுநர் அதனை இழிவாகக் கருதவில்லை.

இலங்கைக்கு வந்த நெறி

இவ்வரலாறு இலங்கைக்கு முற்றும் அந்நியமன்று. ரசல் பிறந்த அதே லூசியானாவிலே, ஜெனிங்ஸ் என்னும் ஊரில் 1923 இற் பிறந்தவர் யேசுசபைத் துறவி இயூஜின் ஹேபேர்ட். 1948 இல் இலங்கைக்கு வந்த அவர், கிழக்கு மாகாணத்திற் கற்பித்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்தை நாடறியச் செய்தார். தலைநகரத்துப் பெருங்கல்லூரிகளுக்கு எதிரே மட்டக்களப்பு மாணவர் நிமிர்ந்து நின்றமைக்கு அவர் உழைப்பு ஒரு காரணம். 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள், போர்ச் சூழலில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வழியில் அவரும் உடன்சென்ற இளைஞரும் காணாமற் போயினர். தாம் பயிற்றிய மக்களை விட்டுப் பிரியாதிருந்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

ஒக்லகோமாவின் விடுதிகளைப் பழித்தல் எளிது. அதே காலத்தில் தமிழர் வாழும் பகுதிகளின் நிலை யாது என்பதையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். தேநீர்க் கடையில் ஒருசாராருக்கு வேறு குவளை. கோயில் வாயிலில் ஒருசாராருக்குத் தடை. பாடசாலையில் ஒருசாராருக்கு வாங்கில்லை, தரையே இருக்கை. யாழ்ப்பாணத்திற் சம ஆசனம் வழங்கப்பட்டபோது, 1930 ஆம் ஆண்டளவில், அதனைப் பொறாது பள்ளிகளுக்கே தீயிட்டோரும் இருந்தனர். ரசல் அணி வெற்றி கொண்டாடிய மறு ஆண்டாகிய 1957 இலேதான் இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை இயற்றிற்று. சட்டம் வந்த பின்னும் வழக்கம் மாற நெடுநாள் சென்றது. அன்று ஊர்தோறும் எத்தனை பிள்ளைகள் களத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, உருண்டு வரும் பந்தை எடுத்துக்கொடுப்பதோடு அமைந்தனர் என்பதை எந்தப் பாடசாலைப் பதிவேடும் கூறாது.

வன்னியின் பாடசாலைகள் இடமின்மையை நன்கறிந்தவை. 2008 ஆம், 2009 ஆம் ஆண்டுகளில் அவை ஊர்விட்டு ஊர் பெயர்ந்தன. செட்டிகுளத்து முகாம்களிற் கூடாரங்களே வகுப்பறைகளாயின. மீண்டு வந்தோர் மீண்டும் பற்றை வெட்டினர். மீண்டும் நிலம் நிரவினர். அவர்களுக்கு நல்ல களங்கள் அமைத்துத் தருதல் அரசினதும் பழைய மாணவரதும் கடன். இடமின்றியும் வெல்லலாம் என்று கூறி அக்கடனைத் தட்டிக்கழித்தல் இவ்வரலாற்றைத் திரித்தலாகும். அந்தப் பல்கலைக்கழகமும் இறுதியிற் களம் அமைத்தே தீர்ந்தது.

ஆயினும் களம் வரும்வரை காத்திராமற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. குடியேற்றத் திட்டத்துப் பிள்ளை, கரையோரத்துப் பிள்ளை, மலையகத்தினின்று வந்து குடியமர்ந்தோரின் பிள்ளை, முகாமிற் பிறந்த பிள்ளை ஆகிய அனைவரும் ஒரு வரிசையில் நிற்க, ஆடத்தக்கவன் யார் என்பதை மட்டும் பார்த்து அணியைத் தெரிதல் எந்த ஆசிரியருக்கும் இன்றே இயலும். அதற்குச் சீமெந்து வேண்டியதில்லை. பதினைந்து சட்டைகள் மட்டுமே உள்ள அணிக்குப் பதினாறாவதாக ஒரு மாணவன் வந்து நிற்கும்போது, அவனைத் திருப்பி அனுப்பாது, சட்டையை மாறிமாறி அணியச் செய்யும் ஆசிரியர் எங்கே உளரோ, அங்கே அணி தொடங்கிவிட்டது.